எந்தப் பெயரில் தேடுவது?

பல்கலைக்கழகத்தில் காலடி வைத்த முதல் வாரத்திலேயே நம்மை நூலகத்துக்கு அழைத்துச் சென்று சுற்றிக் காட்டிவிடுகிறார்கள். மின்னூல்கள் இத்தனை, ஆய்விதழ்கள் இத்தனை, தரவுத்தளங்கள் இத்தனை என்று திரையில் எண்கள் ஓடும். மாணவர் எண்ணும் கடவுச்சொல்லும் இருந்தால் போதும், விடுதி அறையில் இருந்தபடியே உலகத்து நூலகங்களை உலா வரலாம் என்பார்கள். அது பொய்யில்லை. அட்டைப் பேழைகளை இழுத்து இழுத்து விரல் தேய்ந்த நம் பேரவையின் மூத்தோருக்கு இது கனவு போலத்தான் தோன்றும். 2020-ஆம் ஆண்டு மார்ச்சு 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து நூலகக் கதவுகள் அடைபட்டபோது, ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த அக்கா அண்ணன்மாரைக் கரையேற்றியது இந்த இணையச் சேவைதான் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். (நாங்கள் அப்போது ஐந்தாம் படிவம். எங்கள் எஸ்.பி.எம். தேர்வே அடுத்த ஆண்டு பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது.)

ஆனால், அந்த அறிமுகக் கூட்டங்களில் விட்டுப்போகும் செய்தி ஒன்று உண்டு. தேடல் பெட்டிக்கு நம் எண்ணம் தெரியாது. நாம் இடும் எழுத்துகள் மட்டுமே தெரியும். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பொருளியல் நூலைத் தேடும் மாணவருக்கு இது பெரிய தடையில்லை. தமிழரைப் பற்றி, அதிலும் மலேசியத் தமிழரைப் பற்றித் தேடுகிறவருக்குத்தான் வாசற்படியிலேயே தலை இடிக்கிறது. நம்மைப் பற்றிய செய்திகள் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைப் பட்டியலிட்டவர்களோ பெரும்பாலும் நம் சொற்களைக் கொண்டு பட்டியலிடவில்லை.

நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனவள். நம்மில் பலரின் கதையும் அதுதான். தமிழ்ப்பள்ளியில் படித்தோருக்கு நிலாம் புத்தகம் நினைவிருக்கும். வாசித்த ஒவ்வொரு நூலுக்கும் தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், பக்க எண்ணிக்கை, கதைச்சுருக்கம் என்று கட்டம் கட்டமாக எழுத வேண்டும். ஆசிரியை ஒப்பமிடுவார். வாசிக்காத நூலுக்கும் சுருக்கம் எழுதும் வல்லவர்கள் எங்கள் வகுப்பில் இருந்தார்கள். அது வேறு கதை. பல்கலைக்கழகத்தில் ஸோட்டேரோ என்னும் செயலியைத் திறந்தபோது எனக்கு அந்தப் புத்தகம்தான் நினைவுக்கு வந்தது. 2006-இல் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவான இலவசச் செயலி அது. நாம் பார்க்கும் நூலின், கட்டுரையின் விவரங்களைத் தானே எடுத்துச் சேமித்து, ஆய்வேட்டின் இறுதியில் துணைநூற் பட்டியலாகவும் ஆக்கிக் கொடுக்கும். ஒப்பமிட ஆசிரியை மட்டும் இல்லை.

இதுபோன்ற கருவிகள் இப்போது நிறைய வந்துவிட்டன. மின்னசோட்டாப் பல்கலைக்கழக நூலகம் இடுபணிக் கணிப்பான் ஒன்றை உருவாக்கியது. தொடங்கும் நாளையும் ஒப்படைக்கும் நாளையும் கொடுத்தால், தலைப்பைத் தேர்ந்தெடுக்க இத்தனை நாள், நூல் தேட இத்தனை நாள், எழுத இத்தனை நாள் என்று பிரித்துத் தரும். நல்ல யோசனைதான். நாளைக்கு ஒப்படைக்க வேண்டியதை இன்றிரவு தொடங்குகிறவனுக்கு அது என்ன பிரித்துக் கொடுக்கும் என்று என் அறைத்தோழி கேட்டாள். நூலகங்களின் துறைவாரி வழிகாட்டிப் பக்கங்களும் பயனுள்ளவை. இன்ன துறைக்கு இன்ன தரவுத்தளம், இன்ன அகராதி என்று ஒரே பக்கத்தில் திரட்டி வைத்திருப்பார்கள். இவற்றைப் பற்றி விரித்து எழுதப் போவதில்லை. பொத்தானை அழுத்திப் பார்த்தால் அரை மணியில் பழகிவிடும். பழகாதது பெட்டிக்குள் எந்தச் சொல்லை இடுவது என்பதுதான்.

என் இறுதியாண்டு ஆய்வேட்டுக்கு நான் எடுத்துக்கொண்ட தலைப்பு, மலேசியத் தமிழ் நாவல்களில் சயாம் மரண ரயில். சப்பானியர் ஆட்சியில், 1942 முதல் 1943 வரை, சயாமிலிருந்து பர்மாவுக்குக் காட்டையும் மலையையும் வெட்டிப் போடப்பட்ட 415 கிலோமீட்டர்ப் பாதை. மலாயாவிலிருந்து மட்டும் 70,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் கொண்டு செல்லப்பட்டதாகவும், அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை என்றும் மதிப்பிடுகிறார்கள். பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர். ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமி எழுதிய 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்களை நான் முன்பே வாசித்திருந்தேன். இந்த நாவல்களுக்குப் பின்னணியான வரலாற்று ஆய்வுகள் எவை, இவற்றைப் பற்றி இதுவரை யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடித் தொகுக்க வேண்டியிருந்தது. முன்மொழிவை ஒப்படைக்க மூன்று வாரம்.

நூலகத்தின் தேடல் பெட்டியில் 'சயாம் மரண ரயில்' என்று தமிழில் இட்டேன். முடிவுகள் சுழியம்.

மேற்பார்வையாளரிடம் சென்று, ஆய்வுகள் அதிகம் இல்லை போலிருக்கிறது என்றேன். அவர் தலைப்பை மாற்றச் சொல்லிவிடுவாரோ என்ற அச்சம் எனக்குள் இருந்தது. போதிய மேற்கோள் கிடைக்காத தலைப்பு கைவிடப்படுவது புதிதன்று. அந்தப் பருவத்தில் மட்டும் என் தோழியர் இருவர் அப்படி மாற்றிக்கொண்டார்கள். அவர் மாற்றச் சொல்லவில்லை. "இல்லை என்று சொல்லாதேம்மா. எங்கே தேடினாய், எந்தச் சொல்லால் தேடினாய், எந்தத் தேதியில் தேடினாய் என்று ஒரு நோட்டில் எழுதிக் கொண்டு வா. பிறகு இல்லை என்று நான் சொல்கிறேன்" என்றார்.

அந்த நோட்டு என்னிடம் இன்னும் இருக்கிறது. அதன் முதல் பக்கம் முழுவதும் ஒரே பாதையின் பெயர்கள். தமிழில் சயாம் மரண ரயில், சயாம் பர்மா ரயில், மரண ரயில் பாதை. இவற்றிலும் ரயில் என்பார் சிலர், இரயில் என்பார் சிலர். சயாம் என்பார் சிலர், சியாம் என்பார் சிலர். ஆங்கிலத்தில் பர்மா ரயில்வே, தாய்-பர்மா ரயில்வே, தாய்லாந்து-பர்மா ரயில்வே, டெத் ரயில்வே. சப்பானிய மொழியில் தாய்மென் பாதை. அங்கே வேலை செய்தவர்களுக்குக் கூலிகள், ஆசியத் தொழிலாளர், ரோமுஷா என்று மூன்று பெயர். சயாம் தன் பெயரைத் தாய்லாந்து என்று மாற்றிக்கொண்டது 1939-இல். அதாவது, நம்மவர்களைப் பிடித்துக்கொண்டு போனபோதே அந்நாட்டின் பெயர் சயாம் இல்லை. ஆனாலும் தோட்டத்து மக்கள் சயாம் என்றுதான் சொன்னார்கள். இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். தாய்லாந்து என்று பட்டியலிட்டவரும் சயாம் என்று தேடுகிறவரும் சந்தித்துக்கொள்வது எப்படி?

மலாய் மொழிக்கு வந்தால் அங்கும் இதே வேடிக்கை. ரயிலை 'கெரெத்தா ஆப்பி' என்று இரு சொல்லாகப் பிரித்து எழுதுவது அகராதி முறை. ரயில் நிறுவனத்தின் பெயரிலோ அது ஒரே சொல்லாகச் சேர்ந்திருக்கிறது. பெட்டிக்கு இவை இரண்டும் வேறு வேறு. தொழிலாளரைக் குறிக்கும் 'புரு' என்ற சொல்லை 1972-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் 'ஓ' எழுத்திட்டு எழுதினார்கள். அதற்குப் பின் 'யு' எழுத்திட்டு எழுதுகிறார்கள். ஆகவே, பழைய நூல் ஒரு பெயரிலும் புதிய நூல் இன்னொரு பெயரிலும் இருக்கும். இடைநிலைப்பள்ளியில் பழைய எழுத்துமுறையைப் பற்றி ஆசிரியை போகிறபோக்கில் சொன்னது, ஆறேழு ஆண்டு கழித்து எனக்கு இப்படிக் கைகொடுத்தது.

சரி, தமிழ் நூல்களின் கதைக்கு வருவோம். இதை நான் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் துறையில் மூன்றாண்டு படித்த பின்னும் இதை அறியாத நண்பர்கள் இருக்கிறார்கள்.

உலகின் பெரிய நூலகங்கள் பலவற்றில் தமிழ் நூல்கள் ரோமன் எழுத்தில்தான் பட்டியலிடப்பட்டுள்ளன. காரணம் எளியது. 1960-களில் ஹென்றியட் ஆவ்ரம் என்னும் அம்மையார் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் 'மார்க்' எனப்படும் கணினிப் பதிவு முறையை உருவாக்கியபோது, கணினிக்குத் தமிழ் எழுத்து தெரியாது. யூனிகோடு எழுத்துத் தரத்தின் முதல் பதிப்பே 1991-இல்தான் வெளிவந்தது. அதற்குள் தமிழ் நூல்கள் ஏராளமாகக் கடல் கடந்துவிட்டன. இந்தியாவுக்குக் கோதுமை விற்ற பணத்தைக் கொண்டு, 1962 முதல் பொதுச் சட்டம் 480 என்ற திட்டத்தின்கீழ் அமெரிக்க நூலகங்கள் இந்திய மொழி நூல்களை வாங்கிக் குவித்தன. அத்தனைக்கும் ரோமன் எழுத்தில்தான் பதிவு.

அந்த ரோமன் எழுத்தும் நாம் அடையாள அட்டையில் பெயர் எழுதும் ரோமன் எழுத்து அன்று. அதற்கென ஒரு விதி இருக்கிறது. தமிழ் எழுத்து ஒன்றுக்கு ரோமன் எழுத்து ஒன்று, ஒலியைப் பார்ப்பதில்லை. 'ச' எங்கே வந்தாலும் ஆங்கில 'சி' எழுத்து. 'எஸ்' வராது. 'க' எங்கே வந்தாலும் 'கே'. 'முருகன்' என்பதில் நாம் 'ஜி' போடுவோம். நூலகம் 'கே' போடும். 'ழ' என்பதற்கு நாம் பழகிய 'இசட் எச்' கிடையாது. 'எல்' எழுத்தின் அடியில் ஒரு கோடு. இதன்படி 'சயாம் மரண ரயில்' என்ற தலைப்பு 'சி' எழுத்தில் தொடங்கும். சண்முகம் என்ற பெயரும் 'சி' எழுத்தில்தான் தொடங்கும். இது தெரியாமல் 'எஸ்' போட்டுத் தேடுகிறவர் அந்த நூல் அந்நூலகத்தில் இல்லை என்று எண்ணித் திரும்பிவிடுவார். நூல் அங்கேயே அலமாரியில் இருக்கும்.

நம் எழுத்தின் அமைப்பை மதித்துச் செய்த விதிதான் அது. தமிழ் இலக்கணம் படித்தவருக்கு ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும். 'க' என்ற ஓர் எழுத்துக்கு ஒலி பல என்பதைத் தமிழ்ப்பள்ளி நான்காம் ஆண்டிலேயே படித்தோமே! ஆனால், அந்த விதியை ஒரு தாளில் அச்சிட்டு நூலகக் கணினி பக்கத்தில் ஒட்டி வைத்தவர் யாரும் இல்லை. வழிகாட்டிப் பக்கங்களில் ஆங்கிலம் உண்டு, மலாய் உண்டு. தமிழ் மாணவர் தமிழ் நூல் தேடுவதற்கான வழிகாட்டியை நான் இதுவரை கண்டதில்லை. இப்போதெல்லாம் தமிழ் எழுத்தையும் சேர்த்து இடும் பதிவுகள் கூடி வருகின்றன. பழைய பதிவுகள் பல அப்படியேதான் இருக்கின்றன.

வேர்ல்ட்கேட் என்ற ஒன்றிணைந்த பட்டியலில் இந்த விதியைக் கொண்டு தேடிப் பாருங்கள். ஒரு நூல் உலகின் எந்தெந்த நூலகங்களில் இருக்கிறது என்று அது காட்டும். 2006 முதல் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். நம் நாட்டில் கிடைக்காத மலேசியத் தமிழ் நூல் ஒன்றை அமெரிக்க நூலகத்துப் பட்டியலில் பார்க்கும்போது பெருமைப்படுவதா, வெட்கப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

தமிழ்ப் பக்கம் இப்படி ஓரளவு வழி திறந்தது. ஆங்கிலப் பக்கம் திறந்தது நூலகரால். எங்கள் நூலக இணையப் பக்கத்தின் ஓரத்தில் 'நூலகரைக் கேளுங்கள்' என்று ஒரு சிறு உரையாடல் கட்டம் இருக்கிறது. அதன் மறுமுனையில் இயந்திரம்தான் இருக்கும் என்று நினைத்து ஒருவரும் அதைத் தொடுவதில்லை. நான் தொட்ட அன்று மறுமுனையில் ஒரு புவான் இருந்தார். நான் சொற்களை அடுக்கினேன். அவர், "அடிக், சொல்லைக் கொண்டு தேடாதே, ஒரு நல்ல நூலைக் கண்டுபிடி, அதன் பதிவில் பொருள் தலைப்பு என்று இருக்கும், அதை அழுத்து" என்று மலாயில் எழுதினார்.

அந்தப் பொருள் தலைப்பு என்பது பட்டியலாளர்கள் உலகெங்கும் பொதுவாக வைத்திருக்கும் பெயர். நாம் எந்தப் பெயரில் அழைத்தாலும் அவர்கள் ஒரே பெயரின்கீழ் வைத்துவிடுவார்கள். நம் பல்கலைக்கழக நூலகங்கள் பலவும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தலைப்புகளையே பின்பற்றுகின்றன. அதன்படி அந்தப் பாதையின் பெயர் 'பர்மா-சயாம் ரயில்ரோடு'. ரயில்வே அன்று, ரயில்ரோடு! அமெரிக்கர் வழக்கு அது. என் நோட்டில் இருந்த அத்தனை பெயர்களிலும் இது இல்லை. அதை அழுத்தியதும் நினைவுக் குறிப்புகளும் வரலாற்று நூல்களுமாக வந்து நின்றன.

இன்னொரு தலைப்பு என்னைச் சிரிக்க வைத்தது. மலேசிய இந்தியரைப் பற்றிய நூல்கள் நீண்ட காலமாக 'கிழக்கிந்தியர், மலேசியா' என்ற தலைப்பின்கீழ் வைக்கப்பட்டிருந்தன. நாம் எந்தக் கிழக்கிலிருந்து வந்தோம்? 'இந்தியர்' என்ற சொல்லை அமெரிக்கப் பழங்குடியினருக்கு முன்பே கொடுத்துவிட்டார்கள். ஆகவே, உண்மையான இந்தியருக்கு அடைமொழி தேவைப்பட்டது. கொலம்பஸ் கரையை மாற்றி நினைத்ததன் விளைவு, ஐந்நூறு ஆண்டு கழித்து மலேசிய மாணவியின் தேடல் பெட்டி வரை வந்து நிற்கிறது. தமிழருக்கும் 'தமிழ்' என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் 'இந்திய மக்கள்' என்று விளக்கம் இருக்கிறது. சிரிப்பு வந்தாலும் இவற்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், நண்பர்களே. கெர்னியல் சிங் சாந்துவின் 1969-ஆம் ஆண்டு நூலும் சின்னப்பா அரசரத்தினத்தின் 1970-ஆம் ஆண்டு நூலும் போன்ற அடிப்படை நூல்களைச் சுற்றியுள்ள மற்ற நூல்களை எட்டுவதற்கு இந்த வழி மிக எளியது.

சொற்களை இணைப்பதற்கு 'ஆண்ட்', 'ஆர்', 'நாட்' என்ற மூன்று இணைப்புச் சொற்கள் இருப்பதை எல்லாரும் அறிவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜார்ஜ் பூல் என்ற கணித அறிஞரின் பெயரால் அவற்றைக் குறிப்பிடுகிறார்கள். நமக்கு மிகவும் வேண்டியது 'ஆர்' தான். ஒரு பொருளுக்குப் பல பெயர் உள்ளவர்கள் நாம். அடைப்புக்குறிக்குள் எல்லாப் பெயரையும் 'ஆர்' இட்டுக் கோத்துவிட்டால் பெட்டி ஒரே முறையில் அனைத்தையும் பார்த்துவிடும். உடுக்குறியை நம்பிவிடாதீர்கள். தொழிலாளர் என்ற பொருளுடைய 'லேபர்' என்ற சொல்லை அமெரிக்கர் 'யு' இல்லாமலும் நாம் 'யு' சேர்த்தும் எழுதுவதால், முதல் நான்கு எழுத்துகளை இட்டு உடுக்குறி போட்டேன். உலகத்து ஆய்வுக்கூடங்கள் எல்லாம் வரிசையில் வந்து நின்றன. 'லேபரட்டரி' என்பதும் அதே நான்கு எழுத்தில்தானே தொடங்குகிறது!

இந்த 'யு' எழுத்து சிறு செய்தியன்று. பால் கிரதோஸ்கா தொகுத்து 2005-இல் வெளிவந்த 'ஏஷியன் லேபர் இன் த வார்டைம் ஜப்பனீஸ் எம்பயர்' என்ற நூலின் தலைப்பில் அது இல்லை. அந்தத் தொகுப்பில்தான் மலாயாத் தொழிலாளர்கள் இந்த ரயில் பாதையில் பட்ட பாட்டைப் பற்றி நகஹாரா மிச்சிகோ எழுதிய கட்டுரை இருக்கிறது. என் ஆய்வேட்டுக்கு அடித்தளமே அந்தக் கட்டுரைதான். 2004-இல் தொடங்கிய கூகுள் ஸ்காலரில் ஒரு கட்டுரையின்கீழ் 'மேற்கோள் காட்டியோர்' என்ற இணைப்பு இருக்கும். அதை அழுத்தினால் பின்னால் வந்தவர்கள் யார் யார் இதைப் பயன்படுத்தினார்கள் என்று காட்டும். கட்டுரையின் அடிக்குறிப்புகள் நம்மைப் பழங்காலத்துக்கு அழைத்துச் செல்லும்; இந்த இணைப்பு இன்றைக்கு அழைத்து வரும். மூன்று வாரம் என்று நினைத்த வேலை பத்து நாளில் முடிந்தது.

ஆனால், தமிழில் நடந்த ஆய்வுகள்? அவற்றைப் பெட்டி காட்டவேயில்லை. துறையின் வாசிப்பறையில், கட்டமிட்ட பழைய ஆய்வேடுகளின் முதுகுகளை ஒவ்வொன்றாகத் தலை சாய்த்துப் படித்துக்கொண்டு போனபோது, ஏறக்குறைய என் தலைப்பிலேயே, எனக்குப் பல ஆண்டு முன்பு படித்த ஒருவர் எழுதிய ஆய்வேடு கிடைத்தது. கணினிப் பட்டியலில் அதன் தலைப்பு மலாயில் மட்டும் இருந்தது, அதிலும் சயாம் என்ற சொல் இல்லை. அதன் குறுந்தட்டும் பின்னட்டையில் இருந்தது. கோப்பைத் திறந்தால் எழுத்தெல்லாம் குறிகளாகத் தெரிந்தன. யூனிகோடுக்கு முந்திய எழுத்துரு. முரசு அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறனை ஈந்த நாடு நம்முடையது. அப்படியிருந்தும் நம் பழைய கோப்புகளை யாரும் மாற்றி வைக்கவில்லை. பழைய தமிழ் நாளேடுகளின் நிலையும் இதற்கு ஒப்பானது. சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் இணையத்தளத்தில் தமிழ் முரசின் பழைய இதழ்களைப் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம், பெரும்பேறுதான். ஆனால், 1978-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்கு முந்திய னை, லை, றா போன்ற எழுத்து வடிவங்களில் இயந்திரம் தடுமாறும். அங்கே கண்ணால்தான் தேட வேண்டும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, உரையாடு செயலியைக் கேட்டால் சொல்லிவிடுமே என்று என் நண்பர் ஒருவர் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் கேட்டும் காட்டினார். பத்து நூல்களின் பட்டியல் நொடியில் வந்தது. ஆசிரியர், ஆண்டு, பதிப்பகம் எல்லாம் இருந்தன. நானும் அவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பட்டியலில் பார்த்தோம். நான்கு நூல்கள் உலகில் எங்கும் இல்லை. அவற்றுள் ஒன்றின் ஆசிரியர் உண்மையானவர். ஆனால், அவர் அப்படியொரு நூலை எழுதவில்லை. இந்தச் செயலிகளை நான் வெறுக்கவில்லை. ஒரு சொல்லுக்கு இணையான பிற சொற்களைக் கேட்டால் நன்றாகவே அடுக்கித் தருகின்றன. ஆனால், நூலகத்தின் பழைய பெட்டிக்கு ஒரு நேர்மை இருக்கிறது. தன்னிடம் இல்லை என்றால் சுழியம் என்று சொல்லிவிடும்.

அந்தச் சுழியத்தைப் பற்றித்தான் இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறத்தாழ 7,000 பேர் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத்தளத்தில் ஒரு படைவீரரின் பெயரை இட்டால் போதும். அவர் எந்தப் படைப்பிரிவு, எந்த நாளில் இறந்தார், எந்த வரிசையில் எத்தனையாவது கல்லறை என்பது வரை வந்துவிடும். நான் கண்டவற்றுள் மிகச் சிறந்த தேடல் கருவி அது. வேல்ஸ் நாட்டுச் சிற்றூரில் இருக்கும் ஒரு பேத்தி, தன் தாத்தா கிடக்கும் இடத்தை அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

என் பாட்டிக்கு வயது 85. அவருடைய அப்பாவைச் சப்பானியர் சயாமுக்குக் கொண்டு போனபோது பாட்டிக்கு மூன்று வயது. பாட்டி அதை நான்கே சொல்லில் சொல்வார்: "அப்பா சயாம் சடக்குக்குப் போனாரு." அதற்கு மேல் அவருக்குத் தெரியாது. நான் ஆய்வேட்டுக்காக மடிக்கணினியில் தேடிக்கொண்டிருப்பதைப் பார்த்து, "இதுல எங்கப்பா பேரு வருமா?" என்று கேட்டார். பெயரைச் சொன்னார். ஆங்கிலத்தில் எத்தனை வகையாக எழுத முடியுமோ அத்தனை வகையாகவும் எழுதிப் பார்த்தேன். 'எஸ்' போட்டும் 'சி' போட்டும் பார்த்தேன். தோட்டத்தின் பெயரைக் கொண்டும் பார்த்தேன். நோட்டில் அன்றைய பக்கம்தான் மிக நீளமானது.

அங்கே கொண்டு செல்லப்பட்ட தொழிலாளர்களுக்கு அப்படி ஒரு முழுமையான பெயர்ப் பட்டியல் இல்லை. நூல் அலமாரியில் இருந்தும் சொல் பொருந்தாததால் வரும் சுழியம் ஒன்று. எவரும் எழுதி வைக்காததால் வரும் சுழியம் இன்னொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். முதல் வகையை எல்லாம் தீர்த்துவிட்டுத்தான் இரண்டாம் வகையை அடையாளம் காண முடியும். மேற்பார்வையாளர் நோட்டு எழுதச் சொன்னதன் பொருள் எனக்கு அன்று விளங்கியது. பாட்டியிடம், "இதுல இல்ல பாட்டி" என்று சொல்ல முடிந்தது. தேடாமல் சொன்னதாக அவர் நினைக்கவில்லை. "சரி, அப்ப நான் சொல்றத எழுதிக்க" என்றார்.

சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகத்தில் 1979 முதல் வாய்மொழி வரலாறுகளைப் பதிவு செய்து வருகிறார்கள். சப்பானியர் காலத்தைப் பற்றிய பதிவுகள் பலவற்றை இணையத்திலேயே கேட்கலாம். அவர்கள் கேள்வி கேட்கும் முறையைக் கேட்டுக் கேட்டுப் பழகிக்கொண்டு, பாட்டியை மூன்று நாள் கைப்பேசியில் பதிவு செய்தேன். அப்பாவின் முகம் அவருக்கு நினைவில்லை. அம்மா எந்தக் கணக்கப்பிள்ளையிடம் போய்க் கேட்டார், யார் யார் திரும்பி வந்தார்கள், வந்தவர்களின் கால் புண் எப்படி இருந்தது, அந்த ஆண்டுகளில் மரவள்ளிக் கிழங்கை எப்படியெல்லாம் சமைத்தார்கள் என்பது நினைவிருக்கிறது. தம் லயத்திலிருந்து போன ஏழு பேரின் பெயர்களைச் சொன்னார். அவற்றை எழுத்துக்கு எழுத்து பின்னிணைப்பில் சேர்த்திருக்கிறேன்.

சென்ற மாதம் ஆய்வேட்டைத் துறையின் மின்களஞ்சியத்தில் ஏற்றினேன். படிவத்தில் திறவுச்சொல்லுக்கு ஐந்து கட்டங்கள்தாம் இருந்தன. என் நோட்டிலோ இருபதுக்கும் மேற்பட்ட பெயர்கள். அறைத்தோழியும் நானும் வாதாடி, பர்மா-சயாம் ரயில்ரோடு, ரோமுஷா, மலாய் எழுத்து இரண்டில் அகராதியில் உள்ளது, தமிழில் சயாம் மரண ரயில் என்று நான்கைப் போட்டோம். ஐந்தாவது கட்டத்தில் 'சயாம் சடக்கு' என்று இட்டேன். அந்தச் சொல்லை எந்த நூலின் தலைப்பிலும் நான் பார்க்கவில்லை. யார் அதைத் தேடப் போகிறார்கள் என்று அறைத்தோழி கேட்டாள். தோட்டத்தில் பிறந்த பாட்டி யாருக்காவது இன்னும் இருக்கிறார் அல்லவா, அவருடைய பேரப்பிள்ளை தேடலாம் என்றேன். எஞ்சிய பெயர்களை ஆய்வுச் சுருக்கத்துக்குள் வாக்கியம் வாக்கியமாக நுழைத்துவிட்டேன். பெட்டி அதையும் படிக்கும்.

நோட்டின் படி ஒன்று பேரவை அறையில், இரண்டாவது அலமாரியில் இருக்கிறது. ரோமன் எழுத்து விதியை முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். பின்பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன. கள்ளுக்கடை, கங்காணி, தோட்டப் பள்ளி, கோயில் திருவிழா என்று எதை ஆய்வுக்கு எடுத்தாலும், உங்களுக்குக் கிடைத்த பெயர்களைத் தேதியுடன் எழுதிவிட்டுப் போங்கள். பேனா கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். அதை மட்டும் எடுத்துச் சென்றுவிடாதீர்கள்.